லைசென்ஸ் கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பா பக்கத்தில் டிவி சத்தத்தை ஏற்றி வைத்திருந்தார். எழுதினால்தான் எனக்கும் கோர்வையாக வரும்.

"தத்தெடுக்க விண்ணப்பித்தால் சம்பளச் சான்று, மெடிக்கல் சர்டிபிகேட், வீட்டுக்கு வந்து பீரோ வரைக்கும் பார்க்கிறார்கள். வயிற்றில் சுமந்து பெற்றுக்கொள்கிறவர்களை மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வண்டி ஓட்ட லைசென்ஸ், பிள்ளை வளர்க்க ஒன்றும் வேண்டாமா?" என்றாய். கேட்ட உடனே நியாயமாகத்தான் படுகிறது. பச்சைப்பிள்ளையின் பால் காசைப் பிடுங்கிக்கொண்டு சாராயக் கடைக்குப் போனவனை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பரிட்சையை நடத்தப்போவது யார் என்று யோசித்தாயா? கலெக்டர் வரமாட்டார். என்னைப் போல ஒரு நர்ஸம்மாதான் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போவாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நர்சுக்கு வருஷத்துக்கு இத்தனை குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று டார்கெட் உண்டு. 'கேஸ் பிடிப்பது' என்போம். மார்ச் நெருங்கினால் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி எண்ணிக்கை கேட்பார்கள். எந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்போம் என்கிறாய்? ஜவ்வரிசி மில்காரர் வீட்டையா? அந்த அம்மா டவுனில் தனியார் டாக்டரிடம் போவார், என் ரிஜிஸ்டரிலேயே பேர் இருக்காது. கல்லுடைக்கப் போகிறவள்தான் கைக்கு அகப்படுவாள். நான் பார்த்தது மிதமான காலம். அதற்கு முன்னால், எமர்ஜென்சியில், 1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன் செய்தார்கள். வடக்கே கிராமத்துக்குள் போலீஸை விட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். டார்கெட்டை அரசாங்கமே கைவிட 1996 ஆகிவிட்டது.

இப்போதும் ஒன்று பார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். தாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் 17 வயசில் கட்டிக்கொடுக்கப்பட்டவளும் மூன்றாவதைச் சுமக்கிறவளும்தானே ரத்தம் குறைந்து வந்து நிற்பார்கள்? தாயைத் திருத்துவதாக விதி நினைத்துக்கொள்ளும். காய்வது வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை.

சண்டிகரில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குறைந்த ஓர் அனாதைப் பெண், அங்கேயே பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமானாள். கருவைக் கலைக்க ஹைகோர்ட் உத்தரவு போட்டது. அவளோ பிள்ளை வேண்டும் என்றாள். 2009இல் சுப்ரீம் கோர்ட், அவள் சம்மதமில்லாமல் கூடாது என்று தடுத்தது. அவளைக் காப்பாற்றத் தெரியாதவர்களுக்கு அவள் தகுதியை அளக்க என்ன யோக்கியதை, சொல்.

உன் விஷயம் வேறு. வளர்க்க முடியாதவர்கள் பிள்ளையை அரசாங்கத் தொட்டிலில் விட்டுப்போகலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் நம்ம சேலத்தில்தான் தொடங்கியது. தொட்டிலில் விட்ட பிள்ளையைக் கையில் வாங்கின நிமிஷத்திலிருந்து அதற்கு அரசாங்கம் பொறுப்பு. கேட்கிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? 2019இல் பக்கத்து ராசிபுரத்தில் பச்சைக் குழந்தைகளை விற்றதாகக் கைதானவள் ஓய்வுபெற்ற நர்ஸ். என் இனத்தில் ஒருத்தி! அதனால் உன் பீரோவைப் பார்க்கட்டும், இரண்டு தரம் பார்க்கட்டும்.

தத்தெடுப்பில் இருக்கிற விதியெல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். தனியாக இருக்கிற ஆணுக்குப் பெண்குழந்தை கிடையாது என்பதில் ஒரு பயமாவது புரிகிறது. தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஜோடியாகத் தத்தெடுக்க முடியாது என்ற விதியை 2023இல் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகளில் 3 பேர் அப்படியே இருக்க விட்டார்கள். அது பிள்ளைக்காகப் படுகிற பயமா, ஊர் வாய்க்குப் பயமா?

பெற்றவன் அடிக்கிறான், பட்டினி போடுகிறான் என்றால் புகார் சொல்ல 1098 போன் நம்பர் இருக்கிறது, குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. செய்ததைப் பார்த்துக் கேள்வி கேட்கிற இடம் அது. செய்வான் என்று ஜோசியம் பார்த்துக் கேட்பதில்லை. லைசென்ஸ் ஆபீஸ் திறக்கப் பணம் இருந்தால் அங்கே கொட்டட்டும்.

சரி, உன் காரியத்துக்கு வருகிறேன். உனக்கு 38 முடிந்துவிட்டது. 2 வயதுக்குள் பிள்ளை என்றால் தனி ஆளுக்கு 40 வரைதான். 2 முதல் 4 என்றால் 45 வரை, 4 முதல் 8 என்றால் 50 வரை. வீட்டைப் பார்த்து எழுதுகிற ஹோம் ஸ்டடி ரிப்போர்ட்டும் 3 வருஷம்தான் செல்லும், அதற்குள் அழைப்பு வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து பீரோ. கைக்குழந்தைக்குத்தான் இத்தனை பெரிய வரிசை. அஞ்சு வயசுப் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள். உன் விண்ணப்பத்தில் அந்த வயசை மாற்றிக் கொடுக்கலாமா என்று யோசி. நடக்கிற பிள்ளை என்றால் தன் முதுகு தப்பிக்கும் என்று அப்பா இப்போதே சந்தோஷப்படுகிறார்.

முடிவு உன்னுடையது. மெடிக்கல் சர்டிபிகேட்டில் பிரஷர் கொஞ்சம் அதிகம் என்று எழுதியிருப்பதாக உன் தம்பி சொன்னான். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு? இன்றைக்கே மெசேஜ் போடு.

அம்மா