செயலாளரின் ஆண்டறிக்கை: கொடைக்கானல் கோல்ஃப் கேடி தொழிலாளர்கள்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நாம் வேலை பார்க்கும் மைதானம் 1895-இல் தொடங்கியது. கிரீன் வேலி வியூ பக்கம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்த 18 குழி மைதானத்தில் நம்மில் பலருடைய அப்பாக்களும் கேடிகளாக ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கி உதவியிருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் தொழிலைப் பற்றியே பேசுகிறேன்.

இந்த ஆண்டும் நமக்கு அதிக வேலை வைத்தது காட்டுமாடுதான். ராத்திரி மேய்ந்துவிட்டுப் போனால் விடியும்போது கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, முழுக்கக் குளம்புத் தடம். 2019-இல் விதி மாறியதிலிருந்து, கிரீனில் இருக்கும் மிருகத் தடத்தை ஆட்டக்காரர் சரிசெய்துவிட்டுப் பந்தைத் தட்டலாம், கேடியும் சரிசெய்யலாம். கிரீனுக்குப் போகும் வழியிலுள்ள புல்வெளியான ஃபேர்வேயில் அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. புதிதாக வந்த தம்பிகள் சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தடத்தைச் சரிசெய்யும் சின்ன முள்கருவியான ஃபோர்க்கை அடியில் விட்டு மண்ணை நெம்பாதீர்கள், வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளி, லேசாக அமுக்கினால் போதும்.

மாடு எதிரே நின்றால் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். பெரிய காளை 1,000 கிலோ வரை இருக்கும். போட்டோ எடுக்கக் கிட்டே போகும் விருந்தாளியைத் தடுப்பதும் நம் பொறுப்புதான், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதே சமயம் கல்லெறிந்து விரட்டுவதை இந்தச் சங்கம் ஏற்காது. இந்தப் புல்வெளிக்கு நமக்கு முன்பே வந்தவை அவை.

இந்த ஆண்டு காலமான நம் மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்துகிறோம். சமவெளியிலிருந்து வருபவர் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை கேட்டால், அதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் எட்டை நீட்டுவார். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் போகும் என்று பொறுமையாக விளக்கவும் செய்வார். மார்கழிக் குளிரில் மட்டும் கேட்டதையே கொடுப்பார், குளிர்ந்த பந்து அவ்வளவு தூரம் போகாது. இதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அவரோடு போய்விடக் கூடாது என்பதால்தான் ஞாயிறு மாலைப் பயிற்சியை ஆரம்பித்தோம். மூத்தவர்கள் தவறாமல் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், வெளியூரிலிருந்து போனில் பேசுபவர்களிடம் இ-பாஸ் எடுத்துவிட்டார்களா என்று கேட்டுவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து அந்த இணைய அனுமதி இல்லாமல் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ மலையேற முடியாது. பழைய பந்து தேடுகிறேன் என்று சரிவில் தனியாக இறங்குவதையும் விட்டுவிடுங்கள்.

வரும் ஆண்டில் எல்லோருக்கும் மழைக்கோட்டும், ஒரு முதலுதவிப் பெட்டியும் வாங்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. உறுப்பினர்களின் பிள்ளைகளில் பத்தாம் வகுப்பு எழுதுபவர்களுக்குப் புத்தகச் செலவு கொடுப்பதும் தீர்மானத்தில் இருக்கிறது. இவற்றுக்கும் இந்த அறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்