ஆப்பிரிக்கா மீன்னா எல்லாம் ஒன்னு இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

சேலத்துல மீன் தொட்டி வைக்கிற வீடு கூடிக்கிட்டே போகுது, சந்தோஷம்தான், ஆனா கடையில "ஆப்பிரிக்கன் மிக்ஸ்"னு சிக்லிட்ங்கற குடும்பத்து மீனுங்கள்ல மஞ்சள், நீலம், வரி போட்டதுன்னு எல்லாத்தையும் ஒரே தொட்டியில கலந்து விட்டு விக்கறாங்க பாருங்க, அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு.

போன வருஷம் 3 அடி தொட்டியில செடி நட்டு, வேர் பிடிச்சு பச்சைப்பசேல்னு வந்த பிறகு ஒரு கடையில கேட்டேன். "தாராளமா விடலாங்க, எல்லாம் ஒரே ஃபேமிலிதான்"னு சொல்லி யெல்லோ லேப் 4, ஆரட்டஸ் 2, கிரிபென்சிஸ் ஒரு ஜோடி கவர்ல கட்டிக் குடுத்தாங்க. மூணாம் நாள் காலையில பார்த்தா அமேசான் ஸ்வார்ட் செடி வேரோட மேல மிதக்குது, கிராவல்ல கிண்ணம் மாதிரி குழி, கிரிபென்சிஸ் பொட்டை வால் கிழிஞ்சு ஃபில்டர் பின்னாடி ஒண்டிக்கிட்டு இருக்கு. சாயந்தரம் செத்துப்போச்சு. இன்னும் மனசு ஆறலைங்க.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். லேபும் ஆரட்டஸும் மலாவி ஏரி மீன், பாறைக்கு நடுவுல வாழறது, தண்ணி கடினமா பிஹெச் 8 பக்கம் இருக்கணும், மண்ணைத் தோண்டறது அதுங்க சுபாவம். அதுலயும் ஆரட்டஸ் பயங்கர முரடு. கிரிபென்சிஸ் நைஜீரியா பக்கம் ஆத்துல இருக்கிற சாதுவான மீன், உப்பு கம்மியான மென்மையான தண்ணிதான் அதுக்குப் பிடிக்கும், செடியையும் பெருசா தொந்தரவு பண்ணாது. கண்டம் ஒன்னுங்கறதுக்காக ஒரே தொட்டியில விட்டா எப்படிங்க?

அதனால கலரைப் பாக்கறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க. எங்க வீட்டு போர் தண்ணி பக்கெட்டெல்லாம் வெள்ளையா உப்பு படியும், அதுக்கு லேப்தான் சரி. ஆரட்டஸைத் திருப்பிக் குடுத்துட்டேன். செடிக்கு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டையும் மண்ணுல புதைக்காம கல்லுல நூல் போட்டுக் கட்டிட்டேன், தோண்டறதுக்கு ஒன்னுமில்லை, இலை தடியா இருக்கறதால கடிக்கறதும் இல்லை. நாடா மாதிரி நீளமா வளருற வேலிஸ்னேரியாவும் கடினத் தண்ணியில நல்லா வருது, அடியில மட்டும் கல்லு அடுக்கி வைக்கணும். இப்போ ஒரு லேப் வாய்க்குள்ள முட்டையை வச்சுக்கிட்டு தாடை உப்பிப்போய் சாப்பிடாம சுத்துது, 3 வாரத்துக்கு மேல அப்படித்தான் இருக்குமாம்.

ஏற்காட்டுல எங்க அக்கா வீட்டுத் தண்ணி வேற, டெஸ்ட் கிட்ல பார்த்தா மென்மையான தண்ணி, அங்க கிரிபென்சிஸ் ஜோடி விட்டோம். ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியைக் கவுத்து வச்சதும் அதுக்குள்ள முட்டை போட்டு குஞ்சு பொரிச்சு, அப்பனும் ஆத்தாளும் சேர்ந்து செடிக்கு நடுவுல மேய்ச்சுக்கிட்டுத் திரியுதுங்க. மலைக் குளிருக்கு ஹீட்டர் மட்டும் கட்டாயம்.

கடைக்காரங்க தொட்டி மேல எந்த ஏரி, எந்த ஆறு, என்ன தண்ணின்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாலே பாதி மீன் பிழைக்கும். ஏன்னா சண்டை தாங்காம சிலபேர் மூக்கனேரியில கொண்டுபோய் விட்டுடலாமான்னு பேசறதைக் கேட்டிருக்கேன். தயவுசெஞ்சு விடாதீங்க. நம்ம ஏரியெல்லாம் நிறைஞ்சு கிடக்கிற ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்க சிக்லிட்தான், 1952ல இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, நம்ம நாட்டு மீனோட இடத்தையெல்லாம் அதுதான் பிடிச்சுக்கிச்சு. வேண்டாத மீனை வாங்கின கடையிலயே திருப்பிக் குடுங்க, கடைக்காரங்களும் முகம் சுளிக்காம வாங்கிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.