என் மகளின் முன்பல்லைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். தடப்பள்ளி வாய்க்கால் கரையில் சைக்கிளிலிருந்து விழுந்து, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்றுபோன ஒன்பது வயதுச் சிறுமியின் தாய் நான். அந்தப் பல் இன்றும் அவள் வாயில்தான் இருக்கிறது. பிறகு வேரைக் கரைக்கத் தொடங்கிய அரிப்பும் நின்றுவிட்டது. உதவியவர்களை நேரில் பார்த்துக் கும்பிட்டாயிற்று. ஆனாலும் ஊரறியச் சொல்லாமல் மனது ஆறவில்லை.

முதல் நன்றி, அவளோடு சைக்கிள் ஓட்டிய பக்கத்து வீட்டுப் பையனுக்கு. மற்ற பிள்ளைகள் ரத்தத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, அவன் புழுதியில் தேடிப் பல்லை எடுத்தான். அடுத்தது மளிகைக் கடை அக்காவுக்கு. வேரில் ஒட்டிய மண்ணை யாரோ துணியால் துடைக்கப் போனதும் அதட்டித் தடுத்தவர் அவர்தான். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து வாங்கி, ஃப்ரிட்ஜிலிருந்த ஆவின் பாக்கெட்டை வெட்டி டம்ளரில் ஊற்றி, பல்லை அதற்குள் போட்டார். தன் மகன் படித்த காலத்தில் பள்ளியில் நடந்த பல் முகாமில் கேட்டதாம் இது. இத்தனை வருடம் கழித்து என் பிள்ளைக்கு உதவியது. வேரின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. பல் வெளியே காய்ந்து கிடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அதன் உயிரணுக்கள் பெரும்பாலும் இறந்துவிடும், பால் அவற்றைச் சில மணி நேரம் தாங்கிப் பிடிக்கும் என்பதெல்லாம் பிறகு மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டம்ளர் தளும்பாமல் எங்களைக் கோபிக்குக் கொண்டு சேர்த்த ஆட்டோ அண்ணன் வாடகையே வாங்கவில்லை.

கோபி பல் மருத்துவர் ஐயா, கிளினிக்கைப் பூட்டும் நேரத்தில் வந்தோம். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. பல்லை அதன் குழியில் பொருத்தி, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு பிணைத்தீர்கள். இரண்டு வாரம் கம்பி இருக்கட்டும் என்றீர்கள். டி.டி. ஊசிக்கும் அனுப்பி வைத்தீர்கள். "வேர் நுனி இன்னும் முழுதாக மூடவில்லை அம்மா, ரத்த ஓட்டம் திரும்ப வாய்ப்பிருக்கிறது. அதனால் இப்போதைக்கு வேர் சிகிச்சை வேண்டாம். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் வந்துவிட வேண்டும்" என்றீர்கள். சொன்னபடி நீங்களே போன் செய்து கூப்பிட்டீர்கள். வலி இல்லை, பல்லும் வெள்ளையாகவே இருந்தது. கூப்பிடாமல் விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. வேரின் பக்கவாட்டில், கறையான் அரித்த கட்டை போல ஒரு குழிவு. அடிபட்டதில் வேரின் மேல்பூச்சு சிதைந்திருக்கிறது. பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்சதையான பற்கூழ் இறந்து, அதில் கிருமி சேர்ந்திருக்கிறது. அந்த நஞ்சு பல்லின் நுண்குழாய்கள் வழியாக வெளியே கசிய, உடம்பின் சொந்த அணுக்களே வேரைக் கரைக்கத் தொடங்கிவிட்டன. குழந்தைகளுக்கு இது வேகமாகப் பரவும் என்று சொல்லி, அன்றே கோவையிலுள்ள வேர் சிகிச்சை நிபுணருக்குப் போன் செய்தீர்கள்.

கோவை மருத்துவர் அம்மா முதலில் கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் பல்லை மெதுவாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். உலோகம் போலக் கணீரென்று ஒலித்தால் வேர் எலும்போடு ஒட்டத் தொடங்கிவிட்டது என்று பொருளாம்; அதை நிறுத்த வழியில்லையாம். பக்கத்துப் பல்லைப் போலவே ஒலித்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இறந்த கூழை அகற்றி, உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்தார். கடுமையான காரத்தன்மை கொண்ட அந்த மருந்துதான் மிச்சமிருந்த கிருமியைக் கொன்றது. சில வாரங்கள் கழித்து, பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் கணினித் திரையில் அருகருகே வைத்து, பேனா முனையால் வேரோரம் கோடு போட்டுக் காட்டினார். வேருக்கும் எலும்புக்கும் நடுவே அழிந்திருந்த மெல்லிய கருங்கோடு திரும்பியிருந்தது; அரிப்பு நின்றதற்கு அதுதான் அடையாளம். அதன் பிறகு திறந்திருந்த வேர் நுனியை எம்.டி.ஏ. என்னும் சிமெண்ட் மருந்தால் அடைத்து, மீதியை நிரப்பினார். ஊசியைக் கண்டாலே நடுங்குபவளின் கையை விடாமல் பிடித்திருந்த செவிலியர் தங்கையையும் மறக்க மாட்டேன்.

இந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. வேரின் சுவர் மெலிந்திருப்பதால் கரும்பு, முறுக்கு எதையும் அந்தப் பல்லால் கடிக்கக் கூடாது. தாடை வளரும் வயதில் பல் எலும்போடு ஒட்டிக்கொண்டால், மற்றப் பற்கள் இறங்க இது மட்டும் மேலேயே நின்றுவிடும். குறைந்தது ஐந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி முழுதாகச் சொன்னதாலேயே அவர்மேல் நம்பிக்கை கூடியது.

கேட்டபோதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு விடுப்பு கொடுத்த திருப்பூர் பனியன் கம்பெனி மேற்பார்வையாளருக்கும், கம்பி கட்டியிருந்த நாளெல்லாம் அரிசிம்பருப்பைக் குழைய வடித்துப் பிசைந்து ஊட்டிய என் தாயாருக்கும் நன்றி. வகுப்பாசிரியை, பல் கழன்றால் செய்ய வேண்டியதை எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பால் பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது என்பதையும் கேட்டறிந்து சேர்த்திருக்கிறார்.

மருத்துவர் ஐயா, அடுத்த எக்ஸ்ரேவுக்குப் பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறீர்கள். தவறாமல் வந்துவிடுவோம்.

என்றும் நன்றியுடன்,
கோபி வட்டாரத்துத் தாய் ஒருத்தி