படம் திறக்கவில்லை என்றால் கணினியை மாற்ற வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கைபேசிப் படங்கள் திறக்காத பழைய கணினியை மாற்றிவிடுவதே நல்லது என்று சென்ற இதழின் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதோடு ஒத்துப்போக முடியவில்லை. கீழக்கரை, தொண்டிப் பக்கம் பல வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்துதான் குடும்பப் படங்கள் வருகின்றன. அவற்றைப் பார்ப்பதோ பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் மேசைக் கணினியில், அல்லது 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்த மடிக்கணினியில். படம் திறக்காததற்குப் பெரும்பாலும் கணினி காரணமில்லை. அந்த வகைக் கோப்பைப் படிக்கும் துண்டு, படம் பார்க்கும் மென்பொருளில் சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான்.

1996 முதல் வரும் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். முதன்மை நிரல் சில எம்.பி.தான், வெப்பி (WebP) போன்ற பட வகைகளுக்குப் பிளக்-இன் எனப்படும் அந்தத் துண்டுகளின் தொகுப்பைத் தனியே இறக்கிப் போட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். விண்டோஸிலும் நிரலிலும் 32 பிட், 64 பிட் என இரு வகை உண்டு. 32 பிட் விண்டோஸில் 32 பிட் பதிப்பு மட்டுமே ஓடும். 64 பிட் நிரலுக்கு 32 பிட் பிளக்-இன் சேராது. நிரலும் பிளக்-இன்னும் ஒரே பதிப்பு எண்ணாக இருக்கட்டும்.

ஐபோன் படங்களைச் சேமிக்கும் எச்.இ.ஐ.சி. (HEIC) வகைக் கோப்புக்கு எக்ஸ்பியில் மல்லுக்கட்ட வேண்டாம், அனுப்புகிறவரிடமே சொல்லிவிடலாம்: செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'. அதன்பின் எடுப்பவை வழக்கமான ஜேபெக் (ஜேபிஜி) படங்களாக இருக்கும். பழைய படங்களை வாட்ஸப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் எச்.இ.ஐ.சி.யாகவே வரும், சாதாரணப் படமாக அனுப்பினால் ஜேபெக்காக மாறிவிடும், ஆனால் தெளிவு குறையும்.

எல்லாம் சரியாக இருந்தும் கணினி திணறினால் ரேமை, அதாவது வேலை செய்யும்போது கணினி பயன்படுத்தும் நினைவகத்தை, பாருங்கள். 12 மெகாபிக்சல் படம் வட்டில் 4 எம்.பி.தான் இருக்கலாம். திறந்ததும் 4000 × 3000 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், ஆக 36 எம்.பி. இன்றைய 108 மெகாபிக்சல் படம் இதே கணக்கில் 324 எம்.பி. 512 எம்.பி. ரேமில் விண்டோஸுக்குப் போக மீதி என்ன இருக்கும்? இர்ஃபான்வியூவில் படம் திறந்திருக்கும்போது 'ஐ' (I) விசையைத் தட்டினால் அது நினைவகத்தில் பிடிக்கும் இடத்தை நிரலே காட்டும். அடுத்த படத்தை முன்கூட்டியே ஏற்றும் வசதியை அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள். அது வேகத்துக்காக வைத்தது, சின்ன ரேமில் அதுவே சுமை. மொத்தமாக வந்த படங்களை, ரேம் கூடுதலாக உள்ள கணினி ஒன்றில் 'பி' (B) விசையை அழுத்தி, பல படங்களை ஒன்றாக மாற்றும் வசதியைத் திறந்து, நீளப்பக்கம் 1600 புள்ளியாகச் சுருக்கி வேறு ஃபோல்டரில் எழுதிக்கொள்ளலாம். மூலப் படங்களின் மேலேயே எழுதிவிடக் கூடாது.

பெயரில் ஜேபிஜி என்றிருந்தும் உள்ளே பிஎன்ஜியாக இருக்கும் கோப்புகளும் உண்டு. 'தவறான பின்னொட்டு, மாற்றவா?' என்று இர்ஃபான்வியூ ஆங்கிலத்தில் கேட்கும். சரி என்று சொன்னால் போதும்.

பட்டா, வில்லங்கச் சான்று போன்ற பிடிஎஃப்களுக்குச் சுமத்ரா பிடிஎஃப் என்ற நிரல் போதும். எக்ஸ்பியில் அதன் 3.1.2 பதிப்புக்கு மேல் போகாதீர்கள். கோப்பின் தமிழ்ப் பெயர் கட்டங்கட்டமாகத் தெரிந்தால், கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அமைப்பின் லாங்குவேஜஸ் பகுதியில் 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' வரியை டிக் செய்யுங்கள். எக்ஸ்பி குறுந்தகட்டைக் கேட்கும்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு மேம்பாடு 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது. அதனால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, படங்களைப் பென் டிரைவில் கொண்டுவருவதே நல்லது. 64 ஜி.பி. டிரைவ்கள் பல எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் வருவதால் அவற்றை எக்ஸ்பி அப்படியே படிக்காது. ஃபேட்32 என்ற பழைய முறையில் உள்ள 32 ஜி.பி. டிரைவை வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கீழக்கரை