அமோ, அமாஸ், ஆறுவது சினம்

வட்டுக்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் பழையபடிதான்.

போன ஞாயிறு உன் மூத்தவன் வட்ஸ்அப்பில் கையைத் தட்டித் தட்டி "அமோ, அமாஸ், அமாட்" என்று லத்தீன் வினைச்சொல் பாடம் சொன்னபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளின் மகள் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தாலே எடுத்துவிட்டாள் என்று ஊருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "பெடியனுக்கு என்ன வருத்தம்?" என்பதுதான் அவ கேட்ட முதல் கேள்வி. வீட்டில் வைத்துப் படிப்பிக்க, கனடாவில் உங்கள் ஒன்ராறியோவில் கல்விச் சபைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறாய். ஜெர்மனியில் இருக்கும் சித்தியோ அங்கே சட்டமே விடாது என்கிறாள். எனக்கு இரண்டுமே புதினம்.

பிறகு நீ அனுப்பிய கட்டுரையை அப்பா பிரிண்ட் எடுத்துவர, விறாந்தையில் இருந்து இரண்டு தரம் வாசித்தேன். டொரோத்தி சேயர்ஸ் 1947இல் ஒக்ஸ்போர்ட்டில் வாசித்தது. துப்பறியும் கதை எழுதிய மனுசி, கற்பித்த அனுபவம் தனக்கு மிகக் குறைவு என்று தொடக்கத்திலேயே ஒத்துக்கொள்கிறா. அதனாலேயே எனக்கு அவவைப் பிடித்துப்போனது. இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று இடைக்கால ஐரோப்பாவில் இருந்த மூன்று படிகளையும் பிள்ளையின் வயதோடு பொருத்திக் காட்டுகிறா. முதலில் கிளிப்பிள்ளை போல மனனம், பிறகு எதற்கெடுத்தாலும் எதிர்க்கதை, அதற்கும் பிறகு தனக்கென்று சொல்ல ஒன்றைத் தேடும் பருவம். நான் கண்ட வகுப்புகளும் அப்படித்தான். ஆனால் ஒன்று கவனித்தாயா? அவ அதைப் பள்ளிக்கூடத்துக்கென்றுதான் வகுத்தவ. வீட்டில் வைத்துப் படிப்பிக்கச் சொல்லி அதில் ஒரு வரியும் இல்லை. அது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. குறையாகச் சொல்லவில்லை, தெரிந்து செய் என்று சொல்கிறேன்.

கிளிப்பிள்ளைப் பருவம் எங்களுக்கு என்ன புதிதா? உன் பூட்டன் திண்ணையில் மணலில் விரலால் எழுதித்தான் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை எல்லாம் பாடமாக்கியவர். பொருள் தாடி முளைத்த பிறகுதான் விளங்கினது என்பாராம். எங்கள் படலையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் போனால், அமெரிக்க மிஷனரிகள் 1823இல் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் தொடங்கிய இடம். ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்த அதே கூரைக்குக் கீழே தமிழ் இலக்கியமும் படிப்பித்தார்கள். வேதம் சொல்ல வந்தவர்களே தமிழை வெளியே தள்ளிவைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டு பேரும், கரல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், அங்கே படித்தவர்கள்தான். ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அந்தத் தாமோதரம்பிள்ளைதான்.

உன் நேரசூசியைப் பார்த்தேன். லத்தீன் ஐந்து நாளும் இருக்கிறது. தமிழ் சனிக்கிழமை, அதுவும் "நேரம் இருந்தால்". கிளாசிக்கல் படிப்பு, அதாவது பழைய செவ்வியல் நூல்களை வைத்துப் படிப்பது, என்று பெயர் வைத்துவிட்டு, சொந்த வீட்டிலிருக்கும் கிளாசிக்கை நேரம் இருந்தால் பார்ப்போம் என்பதா? எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

கோபம் என்றவுடன் மீசாலை ஞாபகம் வருகிறது. உனக்கு அப்போது எட்டு வயது. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையால் இடம்பெயர்ந்து, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடங்களில் எல்லாம் சனம். அதனால் நான் விறாந்தையில் உனக்குப் படிப்பித்தேன். பெரிய கொள்கை ஒன்றும் இல்லை, வேறு வழியில்லை. ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் வால்வுக்குள்ளால் இழுத்த திரி. மண்ணெண்ணெய் முடியமுதல் பாடம் முடிய வேண்டும் என்ற அந்தரம் எனக்கு. நீ "ஏற்பது இகழ்ச்சி"யில் நின்றுவிட்டாய். மறந்துவிட்டாய் என்று நினைத்து அதட்டினேன். நீ மறக்கவில்லை. "அப்ப நாங்கள் ஏன் நிவாரணத்துக்கு லைனிலை நிண்டனாங்கள்?" என்று கேட்டாய்.

நான் அடித்துவிட்டேன். நீ அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "ஆறுவது சினம்" என்றாய்.

அப்பா சிரித்தார். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

அந்த ஆறு மாதமும் நான் உனக்கு ரீச்சராகவே இருந்தேன். பலாப்பழம் பிளந்தால்கூட சுளையை எண்ணு, மூன்றால் பிரி என்றேன். நீ பலாச்சுளையை ருசித்துச் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: மூன்று மணிக்குப் பிறகு உங்கள் வீட்டில் பாடம் உண்டா? குடும்ப ஜெபத்தில் மூத்தவன் வசனத்தைத் தப்பாகச் சொன்னால் உடனே திருத்துகிறாய், நான் பார்த்தேன். அந்த நேரத்திலாவது விட்டுவிடு. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எனக்குக் காட்டினாய். சரி, அது தகப்பனுக்கும் சேர்த்துத்தானே? மருமகன் எந்தப் பாடம் எடுக்கிறார் என்று நீ சொல்லவேயில்லை.

இனி என் பங்கு. செவ்வாயும் வியாழனும் உங்களுக்கு இரவு ஏழரை, எனக்கு அடுத்த நாள் விடிய ஐந்து. நான் எப்படியும் ஜெபத்துக்கு எழும்புகிறவள். அரை மணித்தியாலம் மூத்தவனை என்னிடம் விடு. ஒரு நாளைக்கு ஆத்திசூடியில் இரண்டு வரி, இருபத்து மூன்றாம் சங்கீதம் தமிழில், அவ்வளவுதான். நீ பக்கத்தில் நிற்காதே, அடுப்படிக்குப் போ. சின்னவள் வந்து மடியில் ஏறினால் ஏறட்டும்.

இடக்குக் கேள்வி கேட்டால் நல்லது. இந்த முறை கையெட்டாத தூரத்தில்தானே இருக்கிறேன்.

மூத்தவனுக்கு நாலு றூல் கொப்பி ஒன்று வாங்கி வை. அங்கே கிடைக்காவிட்டால் சொல்லு, மாமி வரும்போது கொடுத்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு இருப்பேன். அப்பா எழும்பமுதல் எடு, அவர் தொடங்கினால் முழங்கால் கதையிலேயே அரை மணித்தியாலமும் போய்விடும்.

அன்புடன்,
அம்மா