நெரிசலில் மட்டும் சூடேறும் எஞ்சின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைகால வாகனப் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான குறிப்புகள், எஞ்சின் சூடேறினால் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற அளவிலேயே நின்றுவிட்டன. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவற்றோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

எஞ்சின் எந்த நேரத்தில் சூடேறுகிறது என்பதுதான் பழுதைக் கண்டுபிடிப்பதற்கான முதல் தடயம். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து செல்லும்போது ஏறுகிற வெப்பமானி முள், செங்கல்பட்டைத் தாண்டி வேகம் எடுத்ததும் தானாக இறங்கிவிடுகிறது என்றால், அந்தக் காரில் ரேடியேட்டரின் வழியே காற்றுப் போவதில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். ஓடுகிற காருக்கு எதிர்க்காற்றே போதும். ரேடியேட்டர் விசிறி வேலை செய்யாவிட்டாலும் தெரியாது. நிற்கிற காருக்கு விசிறியை விட்டால் வேறு கதியில்லை. போதாக்குறைக்கு, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும், ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் தன் சூட்டையும் அதன்மீதே தள்ளுகிறது. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் தார்ச்சாலையிலிருந்து எழும் அனலும் அதோடு சேர்கிறது. மாறாக, நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் வேகமாகப் போகும்போதுதான் சூடேறுகிறது என்றால், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருப்பது, எஞ்சின் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் சிக்கியிருப்பது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருப்பது ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

இந்த வேறுபாட்டைக் கேட்டறியாமலேயே பல பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "வால்வை எடுத்துட்டோம், இனி ஹீட் ஆகாது சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கிவிடும். நெரிசலில் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும் நேரத்தில் அது ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கும் என்பதால், அதைக் கழற்றுவதால் நெரிசலில் எந்தப் பயனும் கிடைப்பதில்லை. நஷ்டம் மட்டும் உண்டு. நெடுஞ்சாலையில் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் போக, அது இன்னும் குளிர்ந்தே இருப்பதாகக் கருதும் காரின் கணினி கூடுதல் எரிபொருளைச் செலுத்திக்கொண்டிருக்கும். மைலேஜ் ஏன் குறைந்தது என்று உரிமையாளர் பிறகு வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

எங்கள் தெருவில் ஒருவரது காருக்கு இப்படித்தான் வால்வை எடுத்து, புது ரேடியேட்டரும் போட்டிருந்தார்கள். நெரிசலில் முள் ஏறுவது நிற்கவில்லை. பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தபோது விசிறி அசையவே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹாரனுக்கும் அதே வகை ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) என்பதால் அதை எடுத்து விசிறி ரிலேயின் இடத்தில் செருகிப் பார்த்தும் பலனில்லை. விசிறி மோட்டாரின் கூட்டை ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டியதும், சற்று முனகிவிட்டு விசிறி சுழலத் தொடங்கியது. உள்ளே, சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருந்தது. மோட்டாரை மாற்றியதோடு தொல்லை ஒழிந்தது. ரேடியேட்டருக்குக் கொடுத்த பணம் வீண்.

இந்தச் சோதனையை உரிமையாளர்களே செய்யலாம். ஏ.சி.யை அணைத்துவிட்டு, நின்ற நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, முள் நடுவைத் தாண்டும்போது விசிறி தானாக ஓடுகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். ஏ.சி. போட்டால் ஓடி, சூட்டில் மட்டும் ஓட மறுத்தால், வெப்ப சென்சாரையோ அதன் ஒயரையோ பார்க்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: மோட்டார் மாற்றும்போது ஒயர்களை இடம் மாற்றிப் பொருத்திவிட்டால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று, எஞ்சின் பக்கத்துச் சூட்டை வெளியே ஊதும். விசிறி எஞ்சின் பக்கம் இருக்கும் கார்களில், முன்புறக் கம்பித்தட்டியின் மேல் ஒரு தாளைப் பிடித்தால் அது உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளப்பட்டால் திசை தவறு. எஞ்சினை நிறுத்திய பிறகும் சில கார்களில் விசிறி திடீரெனச் சுழலும் என்பதால் கையை உள்ளே விடவே கூடாது.

விசிறி சரியாக இருந்தும் சூடேறினால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் படிந்திருக்கும் தூசி, பூச்சி, சேறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வேகம் குறைந்த தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பம்பை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, காற்றுப் போக இருந்த வழியும் அடைபடும். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டு உடைந்திருந்தாலும் காற்று ரேடியேட்டரின் வழியே வராமல் சுற்றிக்கொண்டு வரும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. மூடி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. அதன் ரப்பர் தளர்ந்தால் நெரிசலில் கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவம் கொதித்து வழியும். கொதிக்கிற நேரத்தில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: அழுத்தம் சட்டென்று விட்டதும், அதுவரை அடங்கியிருந்த சுடுநீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணைத்து, எஞ்சின் சூட்டை உள்ளே இழுக்கும் ஹீட்டரை முழுதாகத் திறந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டால் சற்றுத் தூரம் சமாளிக்கலாம். சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, நன்றாக ஆறும் வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, லேத்துக்கு எடுத்துச் செல்ல நேரிடும். பல புதிய கார்களில் முள்ளே இல்லை, ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கிறது. அது எரிந்தால் யோசிக்க நேரமில்லை.

அவசரத்துக்கு ஊற்றிய போர் தண்ணீரை அப்படியே விட்டுவிடுவதும் கேடு. அதிலுள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். பழுது நீங்கியதும் முழுவதையும் வடித்துவிட்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட கூலன்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து, காற்று அடைபடாமல் நிரப்ப வேண்டும்.

பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏ.சி. போட்டும் போடாமலும் விசிறி ஓடியதா, மூடி அழுத்தம் தாங்குகிறதா என்ற இரண்டையும் பார்த்து, கோடைக்கு முந்தைய சர்வீஸ் பில்லிலேயே எழுதித் தரலாம். ரேடியேட்டரையோ தெர்மோஸ்டாட்டையோ கழற்றினால் பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
குரோம்பேட்டை, சென்னை.