வெள்ளை என்று நான் நினைத்திருந்த சுவர்

அன்புள்ள கண்ணா,

போன வாரம் பேசும்போது "என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை அம்மா, எப்போதும் போலத்தான்" என்றாய். போனை வைத்த பிறகும் அந்த "எப்போதும் போலத்தான்" காதிலேயே நின்றது. சலித்துப்போய்ச் சொன்னாயா, சும்மா சொன்னாயா என்று தெரியவில்லை. எனக்கோ அந்த வாரம் முழுக்க எதுவுமே எப்போதும் போல இல்லை. அதைப் போனில் சொல்ல வரவில்லை. "கண் நன்றாக இருக்கிறது" என்று முடித்துவிட்டேன். கண்ணா கண்ணா என்று முப்பது வருடமாக உன்னைக் கூப்பிடுகிறேன், கண்ணைப் பற்றி உனக்கு ஒரு கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை.

கண் புரை அறுவை சிகிச்சை முடிந்து இன்று 12ஆம் நாள். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தோமா, நேராகக் குளியலறைக்கு முகம் துடைக்கப் போனேன். அங்கே ஒரு நீல வாளி இருந்தது. புதிதாக வாங்கினீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அதே பழைய வாளிதான். சாயம் வெளுத்துப் பச்சையும் சாம்பலுமாக ஆகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு வருடமாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேனே, அந்த வாளி. அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி மங்கிப்போகுமாம். அந்த மஞ்சள் மற்ற நிறங்களைவிட நீலத்தைத்தான் அதிகமாகத் தடுக்கும். ஒரே இரவில் நடந்திருந்தால் அலறியடித்து ஓடியிருப்பேன். பத்துப் பதினைந்து வருடமாக, தினமும் ஒரு துளி குறைந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. இழந்தது தெரியாமலே இழந்திருக்கிறேன்.

இப்போது எனக்கு ஒரு விளையாட்டு கிடைத்திருக்கிறது. வலது கண்தான் சரியாகியிருக்கிறது, இடது கண்ணுக்கு அடுத்த மாதம். இடது கண்ணை மூடிக்கொண்டு கூடத்துச் சுவரைப் பார்த்தால் அப்படி ஒரு வெள்ளை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அதே சுவர் பழைய புத்தகத்தின் தாள் மாதிரிப் பழுப்பாக இருக்கிறது. முதல் நாள் மாற்றி மாற்றிக் கண்ணடித்துக்கொண்டே நின்றேன். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அப்பா நினைத்திருப்பார்.

மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு என் கண்ணுக்குள் வைத்த இந்தச் செயற்கை லென்ஸ் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன், என் குணம்தான் உனக்குத் தெரியுமே. இரண்டாம் உலகப் போரில் குண்டடிபட்ட போர் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலிருக்கும் கூரை நொறுங்கி, அதன் சில்லுகள் சிலருடைய கண்ணுக்குள் போய்விட்டன. அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். பொதுவாக வெளியிலிருந்து ஏதாவது உள்ளே போனால் கண் சிவந்து வீங்கி ரகளை செய்யும். இந்தச் சில்லுகளை மட்டும் பேசாமல் வைத்துக்கொண்டது. ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் அதைக் கவனித்தார். அப்படியானால் இதிலேயே ஒரு லென்ஸ் செய்து உள்ளே வைத்தால் என்ன என்று 1949இல் லண்டனில் வைத்தும் பார்த்தார். அந்தத் துறையின் பெரிய ஆட்கள் பல வருடம் அவரை எதிர்த்தார்கள். வயதான காலத்தில் அவருக்கும் புரை வந்தபோது, அவர் கண்களிலும் அப்படிப்பட்ட லென்ஸைத்தான் வைத்தார்கள்.

இன்னொருவர் அமெரிக்காவில், சார்லஸ் கெல்மன். பல் மருத்துவரிடம் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அங்கே பல்லைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசவுண்டு கருவியைப் பார்த்திருக்கிறார். புரையையும் இப்படி உடைத்து உறிஞ்சிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1967 வாக்கில் அதைச் செய்தும் காட்டினார். அதனால்தான் என் கண்ணில் போட்ட வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டரோடு நின்றது, தையலும் இல்லை. உன் கொள்ளுப்பாட்டி படத்தில் பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி ஒரு தடிக் கண்ணாடி போட்டிருப்பாரே, அந்தக் காலத்தில் லென்ஸை எடுப்பார்கள், பதிலுக்கு எதையும் வைக்க மாட்டார்கள். ஒரு போர் விமானமும் ஒரு பல் டாக்டர் நாற்காலியும் சேர்ந்து குளியலறை வாளியை நீலமாக்கியிருக்கின்றன, பாரேன்.

அன்றைக்கு மருத்துவமனையில் நான் இப்படியெல்லாம் உருகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி நேரம் காக்கவைத்தார்கள். மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் உள்ளே போனேன். மேஜையில் படுக்கவைத்து, முகத்தைத் துணியால் மூடி, ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்தார்கள். பயம் வந்துவிட்டது. அப்போது யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பேசக்கூடாது, தலையை அசைக்கக்கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் என் விரலை அழுத்துங்கள்" என்று ஒரு பெண் குரல். முழுசாக இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, அத்தனை நேரமும் அந்தக் கை இருந்தது. துணியை எடுத்தபோது அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. உள்ளங்கை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

நன்றி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் நன்மை. செய்ந்நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதற்குப் பின்னால் வரும் சொல் "அறிதல்". திருப்பிக் கொடுப்பது, வாயால் சொல்வது எல்லாம் அப்புறம்தான். முதலில் அப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கையை நினைக்கும்போதுதான் எனக்கு இது பிடிபட்டது. அவருக்கு என்னால் இப்போது செய்யக்கூடியது வேறு ஒன்றும் இல்லை.

கண்ணுக்குத் தினம் நான்கு வேளை சொட்டு மருந்து. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, பாதி கன்னத்தில் வழிகிறது. எதிர் வீட்டுப் பெண் காலையில் பள்ளிக்குப் போகும்போது ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் வந்து விட்டுவிட்டு ஓடுகிறாள். மற்ற இரண்டு வேளை அப்பாவின் கைவரிசை. அப்படி அவர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குறி பார்க்கும்போதுதான் அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். புருவம் முழுக்க நரைத்திருக்கிறது. கண்ணோரத்தில் எத்தனை சுருக்கம்! அவருக்கு இவ்வளவு வயதாகிவிட்டதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது இன்னும் மோசம். வீட்டு மூலைகளில் இருந்த தூசியைப் பற்றி எழுத மாட்டேன், மானம் போய்விடும்.

இதையெல்லாம் மறக்காமல் இருக்க ஒரு நோட்டு போட்டேன். எம்மன்ஸ், மெக்கல்லா என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை, நன்றியோடு நினைக்கிற விஷயங்கள் ஐந்து வரை எழுதச் சொன்னார்கள். பத்து வாரம் அப்படி எழுதியவர்கள், அன்றாடத் தொந்தரவுகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாகச் சொன்னார்களாம். நான் ஆர்வக்கோளாறில் தினமும் எழுதினேன். நான்காம் நாளே "சுவர், வாளி, அப்பா" என்று கடைக்குப் போகும் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் பார்த்தால், சோன்யா லியுபோமிர்ஸ்கி என்பவரும் அவருடைய சகாக்களும் இதையே சோதித்திருக்கிறார்கள். வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அதிசயத்தையும் தினமும் கூப்பிட்டு நிற்கவைத்தால் அது நம்மிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற மாதிரி ஆகிவிடும் போலிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு ஏதாவது கஷ்டம் இருந்து, அதை மறைக்கத்தான் "எப்போதும் போல" என்றாய் என்றால், அம்மா நன்றியோடு இருக்கச் சொல்கிறாள் என்று இந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்ளாதே. எனக்கு வலித்த காலத்தில் "இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு" என்று சொன்னவர்கள் உண்டு. வாயை அடைக்கத்தான் அது உதவியது. உன்னிடம் அதிக வேலை வாங்குகிறார்கள் என்றால் சண்டை போடு. மனது சரியில்லை என்றால் நடுராத்திரியில்கூட என்னைக் கூப்பிடு. நீல வாளியைப் பார்த்து வாய்பிளக்கிற நிலையில் ஒருவன் எப்போதும் இருக்க முடியாது.

என்னாலேயே முடியவில்லை. நேற்று குளித்துவிட்டு வெளியே வந்து தலை துவட்டும்போதுதான் உறைத்தது, வாளியை நான் பார்க்கவே இல்லை. தண்ணீர் எடுத்தேன், ஊற்றினேன், வந்துவிட்டேன். முதல் நாள் அதன் முன்னால் நின்று கண் கலங்கியவள், 11ஆம் நாள் அதைக் காலால் நகர்த்திவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் இடது கண்ணும் சரியாகிவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழுப்புச் சுவரும் இருக்காது. அதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

அப்பா மருந்துக் குப்பியோடு வந்து நிற்கிறார், கன்னத்தில் வாங்கிக்கொள்ளத் தயாராகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வீடியோவில் வா. கேமரா சரியில்லை, தலை வாரவில்லை என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. உன் முகத்தை இந்தக் கண்ணால் நான் இன்னும் பார்க்கவில்லை.

அன்புடன்,
அம்மா